கத்தரி வெயிலில் வெளுக்கும் அனிமோன்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடுகள், உணவகங்கள், கிளினிக் வரவேற்பறைகளில் இருக்கும் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. அவற்றில் வளர்க்கும் அனிமோன், பாறையில் பாதத்தால் ஒட்டிக்கொண்டு இழைகளை விரித்து வாழும் கடல் உயிரி. ஏப்ரல் பாதியில் தொடங்கி கத்தரி முடியும்வரை வரும் அழைப்புகளில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: "அண்ணே, அனிமோன் வெள்ளையாயிடுச்சு, செத்துப்போச்சா?"

பெரும்பாலும் சாகவில்லை. நிறம் போன அனிமோன் உயிரோடுதான் இருக்கும். அடுத்த இரண்டு நாளில் பதற்றத்தில் செய்கிற காரியங்கள்தான் அதைக் கொல்கின்றன: விளக்கைக் கூட்டுவது, ஐஸ் கட்டியைக் கொட்டுவது, பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் மாற்றுவது, கடையில் கொடுத்த மருந்தை ஊற்றுவது. இந்த நாலையும் முதலில் நிறுத்துங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். அனிமோனின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அந்தப் பழுப்பு அவற்றின் நிறம். வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் உணவில்தான் அனிமோனின் பிழைப்பு பெரும்பகுதி ஓடுகிறது. தண்ணீர் சூடாகி அப்படியே நின்றால் இந்தக் கூட்டு முறிந்து பாசி வெளியேறுகிறது. பவளத்துக்கும் ராட்சதச் சிப்பிக்கும் கடலில் நடப்பது இதேதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த அளவுகள்

தொட்டிக்குள் முங்கும் தெர்மோமீட்டரில் வெப்பநிலை பாருங்கள். கண்ணாடியில் ஒட்டும் பட்டை வேண்டாம், அது பாதி அறையின் சூட்டைக் காட்டும். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவை நினைவில் வைக்கும் டிஜிட்டல் தெர்மோமீட்டர் கிடைத்தால் அதை வாங்குங்கள். இந்த வேலையில் அதைவிடப் பயனுள்ள பொருள் எனக்குத் தெரியாது. மாலை 3 மணி அளவு ஒன்று, விடியற்காலை 5 மணி அளவு ஒன்று, இரண்டும் வேண்டும்.

எல்லோரும் பகல் சூட்டைத்தான் பார்க்கிறார்கள். மதியம் இரண்டு மணி நேரம் 29 டிகிரி தொட்டு, இரவில் 26க்கு இறங்கிவிட்டால் அனிமோன் தாங்கிக்கொள்ளும். இரவிலும் 30ஐ விட்டு இறங்காத தொட்டிதான் வெளுக்கிறது. கடலுக்கும் இதே கணக்கு. அந்த இடத்தின் மிகச் சூடான மாதச் சராசரியைவிட 1 டிகிரி கூடினால் பவளம் வெளுக்கத் தொடங்கும் என்பதுதான் அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா வைத்திருக்கும் எல்லை. அந்த 1 டிகிரி 4 வாரம் நின்றால் வெளுப்பு கண்ணுக்குத் தெரியும், 8 வாரம் நின்றால் சாவு தொடங்கும் என்று கணக்கிடுகிறார்கள். சூடு நாள்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உப்பு. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35, அல்லது ஒப்படர்த்தி 1.026 காட்ட வேண்டும். மிதக்கும் பிளாஸ்டிக் முள் கருவியை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மூன்றாவது அமோனியா, கழிவும் அழுகலும் தண்ணீரில் விடும் நச்சு. மலிவாகப் பட்டைச் சோதனை என்று தேடாமல் சொட்டுச் சோதனைக் கிட் வாங்குங்கள். பூஜ்யம் தவிர வேறு எது காட்டினாலும் கவனிக்க வேண்டும். சூடு ஏற ஏற அமோனியாவின் நச்சுப் பங்கும் ஏறும்.

அறிகுறி: நிறம் மங்கி வெள்ளையாகிக்கொண்டே வருகிறது

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே வெள்ளையாக, நுனி மட்டும் ஊதாவாக இருந்ததா? அது அரிய ரகம் என்று சொல்லி விற்றிருப்பார்கள். அரிய ரகம் இல்லை, வழியிலேயே வெளுத்துப்போனது. பளிச்சென்ற மஞ்சள், ரோஸ் நிறத்தில் இருந்து இப்போது வெளுத்தால் அது சாயம் ஏற்றியதாக இருக்கலாம், சாயம் போகிறது. இந்த இரண்டு வகையும் பட்டினியில்தான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. நேராக "மீட்பு" பகுதிக்குப் போங்கள்.

பழுப்பாக இருந்து உங்கள் தொட்டியில் வெளுத்தது என்றால் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். செலவில்லாதது முதலில்.

ஹீட்டர். தொட்டியோடு சேர்த்துக் கொடுத்த ஹீட்டர் பிளக்கில் இருக்கிறதா? நம் ஊருக்கு அது தேவையே இல்லை. அதன் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க எரிவதை வருடா வருடம் பார்க்கிறேன். அணைத்துவிடுங்கள், கண்ணாடிக்குழாய் ஆறியதும் தொட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

மூடி. கண்ணாடி மூடியும் விளக்குப் பெட்டியும் தொட்டியின் வாயை அடைத்திருந்தால் ஆவி வெளியேற வழியில்லை, சூடும் வெளியேறாது. மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், இல்லாவிட்டால் மீன் துள்ளி வெளியே விழும். கீழே சம்ப் (தண்ணீர் வடிந்து சுத்தமாகும் கீழ்த்தொட்டி) இருக்கும் அலமாரியின் கதவையும் திறந்து வையுங்கள்.

விளக்கு. பழைய டியூப் விளக்குகளும் மெட்டல் ஹேலைடும் தண்ணீரை நேரடியாகச் சூடாக்கும். எல்.இ.டி. என்றால் சூடு குறைவு, ஆனால் சூடான தண்ணீரில் கடும் வெளிச்சம் இரட்டை அடி. வெளுத்ததைப் பார்த்ததும் வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். எரியும் நேரத்தை 6 மணி நேரமாக்கி, மாலை 4 மணிக்கு மேல் எரியும்படி டைமரை மாற்றுங்கள். பாசி போய்விட்டதே, வெளிச்சம் கூடுதலாக வேண்டாமா என்று கேட்பார்கள். மிச்சமிருக்கும் பாசியைக் கூடுதல் வெளிச்சம் விரட்டிவிடும்.

பம்ப். தண்ணீருக்குள் முங்கி ஓடும் பெரிய மோட்டார் ஒவ்வொன்றும் தன் சூட்டைத் தண்ணீரில்தான் விடுகிறது. மூன்று மோட்டார் ஓடும் சின்னத் தொட்டியில் இதுவே ஒரு டிகிரிக்கு மேல் போகலாம். உப்பு படிந்து இறுகிய மோட்டார் இன்னும் சூடாகும். கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி மாட்டுங்கள்.

அறை. இங்கேதான் பெரும்பாலான தொட்டிகள் விழுகின்றன. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள தளத்தில், மேற்குச் சுவரை ஒட்டி வைத்த தொட்டியைச் சுவரே இரவு முழுக்கச் சூடாக்கும். பகலில் வாங்கிய வெயிலைத் தளம் நள்ளிரவுவரை விட்டுக்கொண்டிருக்கும். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடிக்கும் நாள்களில் கடல்காற்று மதியம் வராமல் சாயங்காலம்தான் எட்டிப்பார்க்கும். அந்த நாள்களின் அளவைத் தனியாகக் குறித்து வையுங்கள். உணவகத் தொட்டிகளில் கதை வேறு. பகல் முழுக்க ஏசியில் 26ல் இருக்கும் தொட்டி, இரவு 11 மணிக்குக் கடையை மூடி ஏசியை நிறுத்தியதும் ஏறத் தொடங்கி விடியற்காலை 31க்குப் போய் நிற்கும். காலையில் கடை திறந்து ஏசி போட்டதும் மறுபடி இறங்கும். முதலாளி வந்து பார்க்கும்போதெல்லாம் தெர்மோமீட்டர் சரியாகத்தான் காட்டும். அதிகபட்ச அளவை நினைவில் வைக்கும் கருவி இல்லாமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஃபேன். தண்ணீரின் மேல்பரப்பில் சாய்வாகக் காற்று படும்படி சின்ன ஃபேன் இரண்டு வைத்தால் 2 டிகிரி இறங்கும், காற்று வறண்டிருந்தால் 3 கூட இறங்கும். நம் கடற்கரையில் புழுக்கம் அதிகமான நாளில் 1 டிகிரிதான் கிடைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாக வற்றும். 300 லிட்டர் தொட்டியில் தினம் 5 லிட்டர் வற்றி, ஒரு வாரம் யாரும் ஊற்றாமல் விட்டால் 35ல் இருந்த உப்பு 40ஐ நெருங்கிவிடும். சூட்டிலிருந்து தப்பிய அனிமோன் உப்பில் மாட்டும். வற்றிய அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் தினம் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, போர் தண்ணீரும் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் விடியற்காலை அளவு 28க்குக் கீழே வரவில்லை என்றால் பணம் செலவழித்தே ஆக வேண்டும். இரவு முழுக்க அறை ஏசி, அல்லது தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி. 200 லிட்டருக்கு மேல் உள்ள ஒற்றைத் தொட்டி என்றால் சில்லர்தான் கட்டுப்படியாகும். அறையில் எப்படியும் ஆள் தூங்குகிறார்கள் என்றால் ஏசியே போதும்.

அவசரத்துக்குக் குளிர வைக்க: ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, மூடியை இறுக்கி, சம்பில் மிதக்க விடுங்கள். மணிக்கு அரை டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. 32ல் இருப்பதை ஒரே மணி நேரத்தில் 26க்குக் கொண்டுவந்தால் மீனுக்கும் அனிமோனுக்கும் அது இன்னொரு அடி.

அறிகுறி: வாயிலிருந்து பழுப்பு நூல் போலக் கக்குகிறது

ஒருமுறை கக்கி, சுருங்கி, சில மணி நேரத்தில் மறுபடி விரிந்தால் அது கழிவு, விட்டுவிடுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை, தொடர்ந்து பல நாள் பழுப்புச் சளி வந்தால் பாசியை வெளியே தள்ளுகிறது. வெள்ளையாவதற்கு முந்தின கட்டம் இது. இங்கே பிடித்துவிட்டால் பாதி வேலை மிச்சம். மேலே சொன்ன வெப்பநிலை வரிசையை அன்றைக்கே தொடங்குங்கள். சளியைச் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

வெப்பநிலை 27ல்தான் இருக்கிறது, ஆனாலும் கக்குகிறது என்றால் சமீபத்தில் விளக்கை மாற்றினீர்களா என்று பாருங்கள். புது எல்.இ.டி.யை முதல் நாளே முழு வெளிச்சத்தில் எரியவிட்டாலும் இதுதான் நடக்கும்.

அறிகுறி: சுருங்கியே கிடக்கிறது

ராத்திரி சுருங்கிக் காலையில் விரிந்தால் கவலை வேண்டாம். பகல் வெளிச்சத்திலும் ஒரு முழு நாளுக்கு மேல் சுருங்கியிருந்தால் முதலில் உப்பு, பிறகு அமோனியா, பிறகுதான் வெப்பநிலை. வரிசை இங்கே மாறுகிறது, ஏனென்றால் வெயில் காலச் சுருக்கத்துக்கு நான் அதிகம் பார்க்கிற காரணம் வற்றிப்போன தண்ணீரும் ஏறிப்போன உப்பும். உப்பு 38க்கு மேல் இருந்தால் ஒரே நாளில் இறக்காதீர்கள், நாளுக்கு 1 புள்ளி போதும்.

கடல் தண்ணீர் எடுத்து வந்து ஊற்றுபவர்களுக்கு: எங்கிருந்து எடுத்தீர்கள்? புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு எதிரே எடுத்தால் சாக்கடை வாய் பக்கத்திலேயே இருக்கும். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் டீசல் மிதக்கும். கடலூரில் கெடிலம், பெண்ணையாறு முகத்துவாரங்களில் மழைக்குப் பிறகு உப்பு சரிந்திருக்கும், சிப்காட் பக்கத்து உப்பனாற்றுத் தண்ணீரை இதற்கு நினைத்தே பார்க்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கரையோரக் கடலே நீர்த்துப்போயிருக்கும். உப்பு கலந்து தயாரிக்கும் தண்ணீர் செலவுதான், ஆனால் நம்பலாம்.

தாமிரம் கலந்த மீன் மருந்து எப்போதாவது அந்தத் தொட்டியில் ஊற்றியிருந்தால் அனிமோனை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மீனைப் பிழைக்கவைக்கும் அளவே அனிமோனைக் கொன்றுவிடும்.

அறிகுறி: இடம் மாறி ஊர்கிறது, கண்ணாடியில் ஏறுகிறது

இருக்கும் இடம் பிடிக்கவில்லை. வெளிச்சத்தைத் தேடி மேலே போகலாம், தண்ணீர் ஓட்டம் கடுமையாக இருப்பதால் விலகலாம், சூட்டில் நிலைகொள்ளாமலும் அலையலாம். செய்ய வேண்டிய ஒரே அவசர வேலை: பம்ப் உறிஞ்சும் வாய் எல்லாவற்றிலும் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். ஊர்ந்து போய் மோட்டாரில் சிக்கி அரைபட்டால் அனிமோனும் போகும், அந்தத் தண்ணீரில் மீதியும் போகும். பாதத்தை நகத்தால் பெயர்த்து பழைய இடத்தில் ஒட்ட முயற்சிக்காதீர்கள். கிழிந்த பாதம் ஆறுவது அரிது.

அறிகுறி: வாய் பிளந்து கிடக்கிறது

இதுதான் எனக்கே பயம் தரும் அறிகுறி. லேசாகத் திறந்து, தொட்டால் மூடிக்கொண்டால் பலவீனம். பிளந்து, உள்ளிருக்கும் நூல்கள் வெளியே தொங்கி, விரலால் மெதுவாகத் தொட்டாலும் ஒட்டாமல் இருந்தால் ஆபத்து. வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை குப்பென்று அடித்து, சதை கையில் கரைந்து வந்தால் முடிந்தது. உடனே அப்புறப்படுத்தி, கால்வாசித் தண்ணீரை மாற்றி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் கார்பன் (கரி) போட்டு, அடுத்த மூன்று நாளும் அமோனியா பாருங்கள். செத்த அனிமோன் ஒரே இரவில் ஒரு சின்னத் தொட்டி முழுவதையும் கொன்றுவிடும்.

வாடை இல்லை, தொட்டால் ஒட்டுகிறது என்றால் எடுத்துப் போடாதீர்கள். அது உயிரோடு இருக்கிறது.

அறிகுறி: சில்லர் ஓடிக்கொண்டே இருக்கிறது, சூடு இறங்கவில்லை

மூடிய அலமாரிக்குள் சில்லரை வைத்தால் அது தான் கக்கிய சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்து, பின்பக்கம் ஓர் அடி இடைவெளி விடுங்கள். பாதி வழக்கு இதோடு தீர்ந்தது. அடுத்து வடிகட்டி வலையைக் கழற்றிப் பாருங்கள். தூசியும் உப்புக் காற்றும் சேர்ந்து கம்பளம் போலப் படிந்திருக்கும், பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். அதன்பின் தண்ணீர் ஓட்டம். சில்லருக்குள் போகும் பம்ப் அடைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போனால் அது குளிர்வித்து என்ன பயன்?

இவை மூன்றும் சரி, பின்பக்கக் காற்று சூடாகவே வரவில்லை என்றால் கேஸ் போயிருக்கலாம், அல்லது கம்ப்ரஸர். இங்கே நீங்கள் கை வைக்க வேண்டாம், ஏசி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கடல்நீர் ஓடும் சுருளைத் தாமிரத்தில் மாற்ற அவர் முன்வந்தால் மட்டும் தடுத்துவிடுங்கள், டைட்டானியம்தான் வேண்டும். தொட்டியைத் தொட்டால் சுர்ரென்று மின்சாரம் உறைத்தாலும் அப்படியே விலகி, மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

அறிகுறி: கரண்ட் போனதும் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றன

சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. ஓட்டமும் நின்றால் அரை மணியில் மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் ஒரே ஒரு ஓட்டப் பம்பை அதில் மாட்டுங்கள், விளக்கும் சில்லரும் வேண்டாம். அந்த நேரத்தில் தீனி போடாதீர்கள்.

மீட்பு: குளிர்ந்துவிட்டது, இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது

இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். பாசி மறுபடி பெருகி நிறம் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அதற்குச் சாப்பாடு நீங்கள்தான். உரித்த இறாலைப் பட்டாணி அளவு நறுக்கி, வாரம் மூன்று முறை, வாய்க்குப் பக்கத்தில் மெதுவாக வையுங்கள். பிடித்து உள்ளே இழுத்தால் நல்லது. மறுநாள் அப்படியே துப்பினால் துண்டு பெரிது, இன்னும் சின்னதாக நறுக்குங்கள். பெரிய துண்டு கொடுத்தால் சீக்கிரம் தேறும் என்ற எண்ணம் வேண்டாம், செரிக்காமல் உள்ளே அழுகும்.

அனிமோனுக்குள் குடியிருக்கும் நீமோ மீன்கள் (கோமாளி மீன்கள்) கூடவே இருந்தால் விட்டுவையுங்கள். அவற்றின் கழிவிலிருக்கும் அமோனியா, அனிமோனுக்குள் இருக்கும் பாசிக்கு உரம். வெளுத்துச் சுண்டிய சின்ன அனிமோனை ஜோடி மீன்கள் ஓயாமல் முட்டி உரசினால் மட்டும் சில வாரம் இடையில் வலைத் தடுப்பு போடுங்கள். வெளிச்சத்தை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெப்பநிலை 25, 26ல் அசையாமல் நிற்கட்டும்.

நம்பிக்கை வேண்டுமென்றால் ராட்சதச் சிப்பிகளைப் பாருங்கள். 1998ல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், ஆர்ஃபியஸ் தீவில் வளர்த்துவந்த ராட்சதச் சிப்பிகள் பெரும்பாலானவை வெளுத்தன. கடல் குளிர்ந்தபின் அவற்றில் பெரும்பான்மை நிறம் பெற்று மீண்டன. சிப்பிக்கு ஒரு வசதி உண்டு. பாசி அதன் இரைப்பையிலிருந்து கிளைத்து வரும் நுண்குழாய்களில் இருக்கிறது. பாசி குறைந்த காலத்திலும் தண்ணீரை வடிகட்டி மிதவை உயிர்களைச் சாப்பிட்டு அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். அனிமோனுக்கு நீங்கள் கொடுக்கும் இறால் துண்டும் அதே உதவிதான்.

வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று, ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். தினம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. இரண்டு மாதத்துப் போட்டோவில் இழைகளின் அடியில் லேசான தேன் நிறம் தெரிந்தால் திரும்பிவிட்டது. இரண்டு மாதத்திலும் உருவம் சுருங்கிக்கொண்டே போனால் யாரையாவது நேரில் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

தொட்டியில் ராட்சதச் சிப்பியே இருந்தால்

சிலரிடம் இருக்கிறது, தெரியாமல் வாங்கியிருக்கிறார்கள். இந்தியாவில் ராட்சதச் சிப்பிகள் இருப்பது லட்சத்தீவிலும் அந்தமான் நிகோபாரிலும். 2001ல் டிரிடாக்னா மாக்சிமா, டிரிடாக்னா ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் என்ற மூன்று ராட்சதச் சிப்பி வகைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலி இருக்கும் அதே அட்டவணை. கல் பவளங்களுக்கும் இதே பாதுகாப்பு. ஆகவே யார் விற்றாலும் வாங்காதீர்கள். இருந்தால் தொட்டி ஆளைக் கேட்பதற்கு முன் புதுச்சேரி வனத்துறையிடமோ கடலூர் மாவட்ட வன அலுவலகத்திலோ கேளுங்கள். நம் கடலில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது வாழும் பவளத்திட்டு இங்கே இல்லை, கடலில் விட்டால் செத்துப்போகும்.

அதுவரை உயிர் காக்க: ஓட்டுக்கு வெளியே விரியும் சதை மடலின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான சின்னக் கண்கள் இருக்கும், கையை மேலே அசைத்தால் நிழல் பட்டுச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுப்பது மெதுவாகிவிட்டால், அல்லது ஓடு மூடாமல் அகலத் திறந்தே நின்றால் நிலைமை மோசம். மடல் நடுவிலிருந்து வெளுக்கும். வெளிச்சத்தைக் குறைத்து, குளிர்வித்து, தொடாமல் விடுங்கள். பாறையோடு ஒட்டியிருந்தால் பிடுங்கக் கூடாது, அடியிலிருக்கும் நார் உறுப்பு கிழிந்துவிடும்.

ஆளைக் கூப்பிடும் முன்

வாய் பிளந்து வாடை தொடங்கினால், அமோனியா இரண்டு நாளாக இறங்காவிட்டால், விடியற்காலை அளவு 30க்கு மேல் நின்று எதற்கும் அசையாவிட்டால் காத்திருக்காதீர்கள், அழையுங்கள். அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: மாலை, விடியற்காலை வெப்பநிலை, உப்பு அளவு, அமோனியா, தொட்டி எத்தனை லிட்டர், கடைசியாக எதை மாற்றினீர்கள், எப்போது. நிறம் எப்படி இருக்கிறது என்பதை வெள்ளை விளக்கில் எடுத்த போட்டோவாக அனுப்புங்கள். நீல விளக்கில் எடுத்த போட்டோவில் வெளுத்ததும் பச்சையாகத்தான் தெரியும், அதை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.